குறைஞ்ச பில்லும் கூடப் படிச்ச பேரனும்

"கடைக்காரங்க பில்லுல குறைச்சுப் போட்டுட்டா திருப்பிக் கொடுக்கணுமா தாத்தா?"ன்னு கேட்டியே பேராண்டி, நல்லா கேட்ட. படிச்ச பிள்ளைதான் இப்படிக் கேக்கும். படிக்காதவன் ஒண்ணு கமுக்கமா வச்சுக்குவான், இல்லேன்னா போய்க் கொடுத்துட்டு வந்துருவான். ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு ஆலோசனை கேக்கணும்னா ஒரு டிகிரி வேணும்ல?

முதல்ல உன் சாமர்த்தியத்துக்கு ஒரு சபாஷ். ஊட்டி கமர்ஷியல் ரோட்டுல 600 ரூபா சொன்ன ஸ்வெட்டரை 450க்கு இறக்க அரை மணி நேரம் நிப்ப. ஆட்டோக்காரர் பத்து ரூபா கூடக் கேட்டா பெட்ரோல் விலையில ஆரம்பிச்சு வளைகுடா நாடு வரைக்கும் பேசுவ. ஓட்டல்ல குடிக்காத காப்பி ஒண்ணு பில்லுல ஏறியிருந்தா, பில்லு மேசைக்கு வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சுருவ. குடிச்ச காப்பி பில்லுல விட்டுப்போனா மட்டும் உனக்குக் கண்ணு மங்கிப் போயிடும். "நான் பில்லைப் பாக்கவே இல்ல தாத்தா"ம்ப. இது உனக்கு மட்டும் இருக்கிற வியாதின்னு வருத்தப்படாத. நீலகிரி மலை முழுக்க இருக்கு. சீசனுக்கு மேட்டுப்பாளையம் வழியா மேல ஏறி வர்றவங்களும் கொண்டு வர்றாங்க. 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் இல்லாத வெளியூர்க் காரை உள்ள விடுறதில்ல. இந்த வியாதிக்கு மட்டும் இன்னும் யாரும் பாஸ் கேக்கல.

பில்லுல விட்டுப்போறதைப் பத்தி எங்க சனத்துக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் தேதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உக்காந்து எங்களுக்கு ஒரு பில் போட்டாங்க. இலங்கைத் தோட்டங்கள்ல நாடு இல்லாம நின்ன எங்க ஆளுங்க மொத்தம் 9,75,000 பேர்னு கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. கூட்டிப் பாரு, 8,25,000 வரும். மிச்சம் 1,50,000 பேர் பில்லுல ஏறவே இல்ல. "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளி வச்சுட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு, 1974ல, இந்திரா அம்மாவும் சிறிமாவோ அம்மாவும் ஆளுக்கு 75,000ன்னு பிரிச்சு அந்தக் கணக்கை முடிச்சாங்க. விட்டுப்போனது ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டுன்னா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துடலாம். விட்டுப்போனது ஆளுன்னா, தன் ஊர் எதுன்னே தெரியாம பத்து வருஷம் நிக்கணும். அப்பவும் ரெண்டு கடைக்காரங்களும் "சின்ன விஷயம்தானே"ன்னுதான் நெனைச்சிருப்பாங்க.

தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல பேரைப் பதிஞ்சு இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு வேலை கொடுக்கணும்னே 1968ல அரசாங்கம் தேயிலை போட ஆரம்பிச்சது. அதுதான் பின்னாடி டான்டீன்னு கம்பெனி ஆச்சு. நானும் உன் அப்பாயியும் போய்ச் சேர்ந்தது வேற ஒரு தோட்டம். பேரு வேணாம், தோட்டமும் கை மாறிப்போச்சு, அங்க எடை போட்ட ரைட்டரும் போய்ச் சேர்ந்துட்டாரு.

அவரைப் பத்திச் சொல்லாம உனக்கு விஷயம் விளங்காது. கொழுந்து எடுத்து முடிச்சு, நனைஞ்ச படங்கோட பொம்பளைங்க எடைக் கொட்டகையில வரிசையா நிப்பாங்க. ரைட்டர் சாக்கைத் தூக்கித் தொங்கு தராசுல மாட்டுவாரு. முள்ளு ஆடும். அது ஆடி நிக்கிறதுக்குள்ள அவரு பென்சில் எழுதி முடிச்சிருக்கும். 22 கிலோ இருக்கும்னு நீ கண்ணால பாக்குற; "தண்ணிக்கு மூணு, சாக்குக்கு ஒண்ணு"ன்னு பேரேட்டுல 18 ஏறும். மழைக்காலத்துல தண்ணிக் கழிவு. வெயில்காலத்துல முத்தல் இலைக் கழிவு. மழையும் இல்லாம வெயிலும் இல்லாம ஒரு நாள் வாய்ச்சா, பனின்னு சொல்லிக் கழிப்பாரு. ஒரு நாள் உன் அப்பாயி, கறை பிடிச்ச விரலை முந்தானையில துடைச்சுக்கிட்டே, ரொம்பப் பணிவாக் கேட்டா: "ஐயா, பென்சில் தவறுறது சகஜம்தாங்க. ஆனா எப்பப் பாத்தாலும் கீழ்ப்பக்கமாவே தவறுதே, ஒரு நாளாவது மேல்பக்கமாத் தவறக்கூடாதா?"

கொட்டகையே சிரிச்சுச்சு. ரைட்டரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே நாலு கிலோவைக் கழிச்சாரு.

இப்ப யோசிச்சுப் பாரு பேராண்டி. தப்புங்கிறது யாருக்கும் வரும். பில்லுல கூடவும் விழும், குறைச்சும் விழும். கூட விழுந்ததை மட்டும் கண்டுபிடிச்சு, குறைச்சு விழுந்ததைக் கண்டுக்காம விடுற கண்ணு இருக்கே, அதுவும் அந்த ரைட்டரோட பென்சிலும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சது. அவருக்குச் சம்பளமாவது கொடுத்தாங்க. நீ ஓசியில செய்யிற.

இன்னைக்கு நாமளும் அரை ஏக்கர் தேயிலை வச்சிருக்கோம். மாவட்டத்துல சுமார் 65,000 சிறு விவசாயிங்க இருக்காங்கன்னு சொல்லுவாங்க, அதுல நாமளும் ஒரு புள்ளி. 2023 செப்டம்பர்ல, பசுந்தேயிலை கிலோவுக்கு 33 ரூபா 50 காசு வேணும்னு படுகர் ஊர்க்காரங்க உண்ணாவிரதம் உக்காந்தாங்களே, நீயும்தான் போய்க் கோஷம் போட்ட. அந்த அம்பது காசைக் கூட விடல பாரு, அது நியாயம். உற்பத்திச் செலவைக் கணக்குப் போட்டுக் கேட்ட விலை அது. கிலோவுக்கு அம்பது காசுன்னா என்னன்னு தெரிஞ்ச பயலுக்கு, கடையில விட்டுப்போன அம்பது ரூபா என்னன்னு தெரியாமப் போறதுதான் எனக்கு ஆச்சரியம். சரி, நீ கொண்டு வந்திருக்கிற சாக்கையெல்லாம் ஒவ்வொண்ணா தராசுல மாட்டுவோம். முள்ளு ஆடி நிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கேன்.

முதல் சாக்கு: "பெரிய கடை தாத்தா. அவங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா?"

நம்ம லைன்ல இருந்து ஒரு பொண்ணு கடையில பில் போடப் போகுது. எந்தக் கடைன்னு கேக்காத. டூரிஸ்ட் பஸ் ஒண்ணு வந்து நின்னா ஒரே நேரத்துல நாப்பது பேர் உள்ள வருவாங்க. ஒருத்தருக்கு வர்க்கி, ஒருத்தருக்கு சாக்லேட், ஒருத்தருக்குத் தைலம், இன்னொருத்தருக்கு டீத்தூளை மோந்து பாக்கணும். ஜனவரிக் குளிர்ல விரல் மரத்துப்போய், ரெண்டு தடவை அமுக்க வேண்டிய பொத்தான் ஒரு தடவைதான் அமுங்கும். நடுவுல கரண்டு போகும். கம்ப்யூட்டர் திரும்ப உயிர் வர்ற வரைக்கும் பேப்பர்ல எழுதி, அப்புறம் ஏத்தும்போது ஒரு வரி விட்டுப்போகும். ராத்திரி கடை சாத்தி எண்ணினா கல்லா ஷார்ட். முதலாளி திட்ட மாட்டாரு. நல்ல மனுஷன். ஒரு நோட்டு வச்சிருக்காரு. அதுல அந்தப் பொண்ணு பேருக்கு நேரா 180னு எழுதுவாரு. சம்பளத்தன்னைக்கு அந்த நோட்டு வாயைத் திறக்கும்.

அது தப்பான்னா சட்டப்படி தப்பும் இல்ல. தன் பொறுப்புல இருக்கிற பணம் ஒருத்தரோட கவனக்குறைவால குறைஞ்சா, அதைச் சம்பளத்துல பிடிக்கலாம்னு 1936லயே வெள்ளைக்காரன் சட்டம் எழுதி வச்சுட்டான். 2019ல நாம எழுதின ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அது இருக்கு. விளக்கம் கேக்காமப் பிடிக்கக் கூடாது, நஷ்டத்துக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு கூட ரெண்டு வரி. அந்தப் பொண்ணு என்ன விளக்கம் சொல்லும்? "ஒரு படிச்ச தம்பி வந்திருந்தாரு, அவரு பில்லையே பாக்கல"ன்னா? நீ பெரிய கம்பெனியை அடிச்சதா நெனைச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்ற. அடி விழுந்தது பக்கத்து லைன் வீட்டுல.

ரெண்டாவது சாக்கு: "அவன் நம்மள எத்தனை தடவை ஏமாத்தியிருப்பான்!"

இருக்கலாம். அச்சடிச்ச விலைக்கு மேல வாங்கினா 1915க்குப் போன் போடு, நுகர்வோர் உதவி எண். எடையில கை வச்சா தொழிலாளர் துறையில அதுக்குன்னே இன்ஸ்பெக்டர் இருக்காரு, முத்திரை இல்லாத தராசைத் தூக்கிட்டே போயிடுவாரு. நுகர்வோர் கோர்ட்டு இருக்கு. உன் பக்கம் இத்தனை படை நிக்குது. கடைக்காரர் பக்கம் யாரு இருக்கா? "வாங்க வந்தவரு ரெண்டு பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட் காசு கொடுத்துட்டுப் போயிட்டாரு"ன்னு போன் போட அவருக்கு ஒரு எண்ணும் கிடையாது. அந்த இன்ஸ்பெக்டர் வேலையை உன்னையே நம்பி விட்டிருக்காங்க பேராண்டி. சர்க்கார் வேலை, சர்க்கார் வேலைன்னு பரிட்சை எழுதுறியே, கிடைச்ச வேலையை ஒழுங்காப் பாரேன்.

அப்புறம் ஒண்ணு. ஏமாத்தின கடை ஒண்ணு, நீ வஞ்சம் தீர்த்துக்கிட்ட கடை வேற ஒண்ணு. இதுல என்ன கணக்கு நேராச்சு? ஊட்டியில அடி வாங்கிட்டு வந்து கோத்தகிரியில கை ஓங்குற.

மூணாவது சாக்கு: "சின்னத் தொகைதானே."

இதுதான் ரொம்ப விவகாரமான சாக்கு. சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆராய்ச்சிக்காரங்க சில பேர் ஒரு வேலை பண்ணினாங்க. 40 நாட்டுல, 355 ஊர்ல, 17,000க்கும் மேல பர்ஸைக் கொண்டுபோய் பேங்க், தபாலாபீஸ், ஓட்டல்னு கவுண்டர்ல கொடுத்து, "கீழ கெடந்துச்சு, பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாங்க. நம்ம இந்தியாவும் அதுல உண்டு. 2019ல முடிவை வெளியிட்டாங்க. காசு இல்லாத பர்ஸுல 100க்கு 40க்குத்தான் சொந்தக்காரருக்குத் தகவல் வந்துச்சு. காசு இருந்த பர்ஸுல 51க்கு. மூணு நாட்டுல இன்னும் அதிகமாக் காசு வச்சுப் பாத்தாங்க, 72க்குத் தகவல் வந்துடுச்சு. உலகமே தலைகீழா நெனைச்சிருந்துச்சு. காரணம் என்னன்னா, தொகை பெருசாக ஆக, வச்சுக்கிட்டா நாம திருடனாயிடுவோமேன்னு மனுஷனுக்கு உறுத்துது.

அதனாலதான் சொல்றேன், பெரிய தொகையில உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. ஆட்டோவுல விட்டுட்டுப் போன நகைப்பை கிடைச்சா ஸ்டேஷன்ல கொடுத்துடுவ. பேப்பர்ல படம் வரும், இன்ஸ்பெக்டர் சால்வை போடுவாரு. பதினெட்டு ரூபாய்க்கு யாரு சால்வை போடுவா? உறுத்தாத அளவுக்குச் சின்னதா வர்றதுதான் மெல்ல மெல்ல நம்மள ரைட்டர் ஆக்கும்.

நாலாவதா உங்க அம்மா ஒரு சாக்கு வச்சிருக்கா: "சாமியாப் பாத்துக் கொடுத்தது." சாமிக்கு உன் மேல பிரியம் இருந்தா நேரா உனக்கே கொடுக்கும். அடுத்தவங்க கல்லாவுல கையை விட்டு எடுத்துத் தர்ற சாமியை நான் இந்த மலையில எந்தக் கோயில்லயும் பாத்ததில்ல.

இப்ப ஜிபே வேற வந்திருக்கு. மூடுபனி இறங்குச்சுன்னா நம்ம ஊர் சிக்னலும் சேர்ந்து காணாமப் போயிடும். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். "போயிடுச்சுக்கா, நீங்க பாத்துக்கங்க"ன்னு செல்லைத் தூரத்துல இருந்தே காட்டிட்டு நடந்துடற. கடையில இருக்கிற பெட்டி பேசவே இல்ல, அதையும் நீ கவனிச்ச. சாயங்காலம் "பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பியது"ன்னு மெசேஜ் வருது. அதைப் பாத்து அதிர்ஷ்டம்னு சிரிக்காத. சூடா சுண்டல் போட்டுக் கொடுத்துச்சே ஒரு அக்கா, அதோட அன்னைக்கு லாபம் அந்த மெசேஜ்லதான் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்ப, படிச்சவனாச்சே. 1872ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவு. தவறுதலா ஒருத்தர் கைக்கு வந்த பணமோ பொருளோ, வாங்கினவர் திருப்பிக் கொடுத்தே ஆகணும். மீதிச் சில்லறையோட கூட வந்த நூறு ரூபாயும் பணம்தான். பில்லுல ஏறாமப் பையில ஏறின சாக்லேட்டும் பொருள்தான். மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899ல, ஊட்டிக்கு வந்தது 1908ல. அதுக்கெல்லாம் முன்னாடியே இந்தச் சட்டம் மலை ஏறி வந்துடுச்சு. உன் காதுலதான் இன்னும் ஏறல.

அதுக்காக நம்ம சனத்துக்குத் திருப்பிக் கொடுக்கவே தெரியாதுன்னு சொல்லிடாத. காட்டுல உடைஞ்சு கெடக்கிற பாட்டில் யானை காலைக் கிழிக்குதுன்னு ஹைகோர்ட்டுல கேஸ் நடந்து, 2022 மே மாசம் நம்ம மாவட்டத்துலதான் முதல்ல டாஸ்மாக் பாட்டிலைத் திரும்ப வாங்க ஆரம்பிச்சாங்க. வாங்கும்போது பத்து ரூபா கூட, காலி பாட்டிலைக் கொடுத்தா பத்து ரூபா வாபஸ். பாத்திருப்பியே, நேரா நிக்க முடியாத ஆளு கூட பாட்டிலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, படி தடுக்காமக் கொண்டாந்து கொடுக்கிறாரு. நமக்குப் பத்து ரூபா வரணும்னா போதையிலயும் ஞாபகம் இருக்கு. நாம பத்து ரூபா தரணும்னா தெளிவா இருக்கும்போதே மறந்துபோகுது.

தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசம் பஸ் ஸ்டாண்டுல, காந்தி ஜெயந்தியன்னைக்கு ரோட்டரி சங்கத்துக்காரங்க ஆளில்லாக் கடை வைப்பாங்க. சாமான் இருக்கும், விலை எழுதியிருக்கும், பெட்டி இருக்கும். எடுத்துக்கிட்டுக் காசைப் போட்டுட்டுப் போகணும். நல்ல ஏற்பாடு, காந்தி பிறந்த நாளுக்கு நம்மளால முடிஞ்ச மரியாதை. அந்தப் பக்கம் மிசோரம்ல செலிங்னு ஒரு ஊரு. அங்க நெடுஞ்சாலை ஓரமா மூங்கில் கொட்டகையில காய்கறியும் பழமும் வச்சுட்டு, விலையை எழுதிப் போட்டுட்டு, விவசாயி காட்டுக்கு வேலை பாக்கப் போயிடுவாரு. வருஷத்துல ஒரு நாள் இல்ல, வழக்கமே அதுதான். அவங்களும் நம்மள மாதிரி மலைக்காரங்கதான். குளிரும் மழையும் நம்மளோடது மாதிரியேதான். ஆக, குளிரு மேல பழியைப் போட முடியாது.

ஒரு விஷயத்துல மட்டும் உன் கட்சி நான். கொசுறு வேற, தவறு வேற. காரட் வாங்கும்போது அந்தம்மா தானா ரெண்டு எடுத்துப் போட்டா சந்தோஷமா வாங்கிக்க. தெரிஞ்ச கடைக்காரர் "இருக்கட்டும்பா, ரெண்டு ரூபா அப்புறம் பாப்போம்"னா திணிக்காத, மனசு கோணிடும். அவங்களுக்குத் தெரிஞ்சு வந்தா கொசுறு. அவங்களுக்குத் தெரியாம வந்தா, உனக்குத் தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து அது கடன்.

திருப்பிக் கொடுக்கிறதுக்கும் ஒரு பக்குவம் இருக்கு. முதலாளி காது கேக்க "ஏம்மா, பில்லைத் தப்பாப் போட்டுட்டியே!"ன்னு கத்தாத. 180 ரூபாயைக் காப்பாத்தி வேலைக்கே உலை வச்ச மாதிரி ஆயிடும். கவுண்டர் பக்கம் குனிஞ்சு, "பாப்பா, இது ஒண்ணு விட்டுப்போச்சு, சேர்த்துக்கங்க"ன்னு சொல்லு, போதும். கூடலூர் போய்ச் சேர்ந்தப்புறம் பில்லைப் பாத்தியா? விட்டுப்போன காசைக் கொடுக்க அம்பது கிலோமீட்டர் மலை ஏறிவர வேண்டாம். பில்லுல நம்பர் இருக்கும், போன் போடு, பில் நம்பரைச் சொல்லிட்டுப் பணத்தை அனுப்பு. நம்பரைச் சொல்லாம அனுப்பினா பணம் முதலாளி கணக்குல ஏறும், அந்தப் பொண்ணோட நோட்டுல 180 அப்படியே நிக்கும். முக்கியமா, கொடுத்ததைப் படம் பிடிச்சு ஸ்டேட்டஸ் வைக்காத. கடனை அடைச்சதுக்கு ஊர் கை தட்டணும்னா, இந்த மலையில காதே கேக்காமப் போயிடும்.

இவ்வளவு சொல்லியும் கொடுக்க மனசு வரலியா? வச்சுக்க. தாராளமா வச்சுக்க. போலீஸும் வராது, நானும் உங்க அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த முறை நம்ம பசுந்தேயிலையை எடை போடுறப்ப நீதான் போகணும். ஏஜென்ட் தண்ணிக்கு மூணு, சாக்குக்கு ஒண்ணுன்னு கழிச்சா வாயைத் திறக்கக் கூடாது. "பாவம், அவரும் முள்ளைப் பாக்கல போல. சின்னத் தொகைதானே, நமக்கு இதெல்லாம் ஒரு காசா?"ன்னு பெருந்தன்மையாச் சிரிச்சுக்கிட்டு வந்துரணும். எத்தனை மழைக்குத் தாங்குறேன்னு பாப்போம்.